நான்கு குரல்கள், ஒரு பாட்டு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, கொலஸ்ரோல் என்று தொடங்கி மத்தியானச் சாப்பாட்டின் ருசியைக் கெடுத்துவிடுவார் என்ற பயம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். பயப்பட வேண்டாம். செயலாளர் என்னிடம் கேட்டது, "உமக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசும்" என்றுதான். எனக்குப் பிடித்தது பாட்டு. ஆகவே ஒரு பாட்டுக் குழுவின் கதையைச் சொல்லப் போகிறேன். இடையில் கொஞ்சம் வைத்தியமும் வரும். அது நான் வலிந்து புகுத்தியது அல்ல. அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

குழுவின் பெயர் சீக்கர்ஸ். தேடுவோர் என்று பொருள். எழுபதைத் தாண்டிய அக்காமார் சிலருடைய முகம் இந்தப் பெயரைக் கேட்டதும் மலர்வதை இங்கிருந்தே காண்கிறேன். வானொலிதான் வீட்டின் ஒரே பாட்டுப் பெட்டியாக இருந்த காலத்தில் அவர்கள் கேட்டு வளர்ந்த குரல்கள் இவை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று ஆண்கள், ஒரு பெண். நாட்டார் பாடல்களையும் பொப் இசையையும் கலந்து, நான்கு குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாடிய மெல்பேர்ண் நகரக் குழு.

அந்த நால்வரில் ஒருவர் எங்கள் நாட்டில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. கீத் பொட்ஜர் 1941ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தார். ஆறு வயதளவில் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போனார். அங்கே மெல்பேர்ண் ஆண்கள் உயர்தரப் பாடசாலையில் படித்தார். அதே பாடசாலையில் படித்தவர்கள்தான் அதோல் கய், புரூஸ் வூட்லி என்ற மற்ற இருவரும். ஆக, சீக்கர்ஸ் குழுவின் அடித்தளமே ஒரு பழைய மாணவர் கூட்டம்தான்! எங்கள் அண்ணன்மாரும் தம்பிமாரும் பழைய மாணவர் சங்கம் என்று கூடினால் கிரிக்கெட் விளையாடுவார்கள். இவர்கள் பாடினார்கள்.

1962ஆம் ஆண்டு குழு தொடங்கியபோது கென் றே என்பவர் முதன்மைப் பாடகராக இருந்தார். அவர் திருமணம் செய்வதற்காக விலகிக்கொண்டார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் ஜூடித் டேர்ஹம். 1943இல் பிறந்தவர், மெல்பேர்ணின் றைற்றன் மகளிர் பாடசாலையில் படித்தவர், பியானோவை முறையாகக் கற்றவர், ஜாஸ் இசைக் குழுக்களோடு பாடிக்கொண்டிருந்தவர். டேர்ஹம் என்பது அவருடைய அம்மாவின் குடும்பப் பெயர். ஒரு விளம்பர நிறுவனத்தில் செயலாளர் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே வேலை செய்துகொண்டிருந்த அதோல் கய்யைச் சந்தித்தார். குழு பாடும் கோப்பிக் கடைக்கு வரும்படி அவர் அழைத்தார். அது 1962 டிசெம்பர். ஜூடித்துக்கு வயது பத்தொன்பது.

1964இல் நால்வரும் ஃபெயர்ஸ்கை என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் போனார்கள். கப்பலில் பயணிகளுக்குப் பாடுவதுதான் அவர்களுடைய வேலை. பத்து வாரங்கள் இங்கிலாந்தில் நின்று, பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். ஆனால் போய் இறங்கியதும் நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லி விமானம் ஏறி, முப்பது வருடமாக அங்கேயே இருந்துவிட்ட பலர் இந்த மண்டபத்திலும் இருப்பதால் இதை நான் விளக்கத் தேவையில்லை.

அங்கே ரொம் ஸ்பிறிங்ஃபீல்ட் என்ற பாடலாசிரியரைச் சந்தித்தார்கள். அவர் எழுதிக் கொடுத்த "ஐ'ல் நெவர் ஃபைன்ட் அனதர் யூ" 1965 தொடக்கத்தில் இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது. அவுஸ்திரேலியாவிலும் முதலிடம், அமெரிக்காவில் நான்காம் இடம். அதே ஆண்டின் இறுதியில் ஒரு பழைய ரஷ்ய நாட்டார் மெட்டில் அமைந்த "த கார்னிவல் இஸ் ஓவர்" மீண்டும் முதலிடம் பெற்றது. பீற்றில்ஸும் றோலிங் ஸ்ரோன்ஸும் கோலோச்சிய காலம் அது. நீளமான தலைமுடியோ உரத்த மின்கிற்றாரோ இல்லாமல், ஒழுங்காக உடுத்திக்கொண்டு வந்து நின்று பாடிய நாலு பேருக்கு இந்த இடம் கிடைத்தது. 1966இல் வந்த "ஜோர்ஜி கேர்ள்" திரைப்படத்துக்காக அவர்கள் பாடிய பாடல் ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

இவர்களுடைய பாட்டில் அப்படி என்ன இருந்தது? அதைச் சொல்வதற்கு எங்கள் சங்கீதத்திலிருந்து தொடங்குகிறேன். கர்நாடக சங்கீதத்தில் பத்துப் பேர் சேர்ந்து பாடினாலும் பத்துப் பேரும் ஒரே ஸ்வரத்தைத்தான் பாடுவோம். ஒருவர் விலகினால் அது அபசுரம். மேல்நாட்டுப் பாடகர் குழுவில் அப்படியில்லை. ஒருவர் ச பாடும்போது, இன்னொருவர் அதே நேரத்தில் க பாடுவார், மூன்றாமவர் ப பாடுவார். மூன்றும் வேறு வேறு. ஆனால் காதில் ஒன்றாக விழும். ச என்பது ஒரு செக்கனில் 400 தடவை அதிர்ந்தால், அந்தர காந்தாரம் 500 தடவையும் பஞ்சமம் 600 தடவையும் அதிரும். நாலுக்கு ஐந்துக்கு ஆறு. இந்த விகிதம் துல்லியமாக அமையும்போது தனித்தனிக் குரல்கள் மறைந்து, மண்டபத்தில் இல்லாத ஒரு புதிய குரல் பாடுவதுபோல இருக்கும். எங்கள் பாடகர் குழுவில் நின்றவர்களுக்கு அந்த மெய்சிலிர்ப்பு தெரியும்.

நான் இந்தக் கல்லூரியின் பாடகர் குழுவில் ஆல்ற்றோ. இரண்டாம் குரல். இரண்டாம் குரல் பாடுகிறவர்களுக்கு ஒரு கவலை உண்டு. வீட்டில் போய்ப் பயிற்சி செய்தால், "இதென்ன பிள்ளை, மெட்டே இல்லாத பாட்டு" என்று அம்மம்மா கேட்பார். தனியாகப் பாடினால் அது பாட்டே இல்லை. மற்றவர்களோடு சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம் வரும். அதே நேரம், அது இல்லாவிட்டால் சொப்ரானோவின் அழகான மெட்டும் வெறுமையாகவே ஒலிக்கும். சீக்கர்ஸ் பாட்டுகளில் ஜூடித்தின் தெளிவான குரலைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை கேட்கும்போது அந்தக் குரலை விட்டுவிட்டு, அதற்குக் கீழே போகும் மூன்று ஆண் குரல்களை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அடியில் அதோல் கய்யின் கனத்த குரல். நடுவில் புரூஸும் எங்கள் கொழும்புப் பிள்ளை கீத்தும். யாரும் யாரையும் முந்தவில்லை.

இனி வைத்தியம். ஜூடித்துக்கு நான்கு வயதில் சின்னமுத்து வந்தது. காய்ச்சலும் தழும்பும் போயின. சுவாசப்பையில் ஏற்பட்ட சேதம் போகவில்லை. மூச்சுக்குழாய் விரிவு நோய் அவரோடு தங்கிவிட்டது. வாட்டில் நாங்கள் புறொங்கியெக்டாசிஸ் என்று சொல்வது இதைத்தான். மூச்சுக்குழாயின் சுவர் பழுதடைந்து, தளர்ந்து, அகன்றுபோகும். வழக்கமாகச் சளியை வெளியே தள்ளும் நுண்ணிய மயிர்கள் அங்கே சரியாக வேலை செய்யா. சளி தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி வளரும், கிருமி சுவரை இன்னும் பழுதாக்கும். இது ஒரு சக்கரம். இதைப் பூரணமாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தினமும் சளியை வெளியேற்றும் பயிற்சி, தேவையான நேரத்தில் அன்ரிபயோற்றிக், தடுப்பூசிகள், நல்ல உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றால் சக்கரத்தின் வேகத்தைக் குறைக்கலாம். இந்த நோயோடு என்னிடம் வருகிறவர்களில் சிலர் ஒரு வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தரம் மூச்சு எடுப்பார்கள். அவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, இந்த நோயோடு ஒரு பெண் உலக மேடைகளில் நீண்ட வரிகளை அசையாத குரலில் பாடினார் என்பது பெரிய விடயம்.

பாடுவது என்பது மூச்சை வெளியே விடுவதுதான். விரைவாக எடுத்து, மெதுவாக, அளந்து அளந்து செலவழிக்க வேண்டும். தனியாகப் பாடுகிறவருக்கு மூச்சு முடிந்தால் பாட்டு நின்றுவிடும். சேர்ந்து பாடும்போது ஒருவர் மூச்சு எடுக்கும் கணத்தில் மற்றவர்களுடைய ஒலி அந்த இடைவெளியைத் தாங்கும். எங்கள் ரீச்சர் இதைச் சொல்லித் தந்திருக்கிறார்: "எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுக்காதேயுங்கோ. பக்கத்தில் நிற்கிறவள் எடுக்கும்போது நீர் பிடித்துக்கொண்டு நில்லும்." சீக்கர்ஸ் ஜூடித்தின் நோயை நினைத்து அப்படித் திட்டமிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குரல் ஒத்திசைவின் இயல்பே அதுதான். மூச்சு குறைந்தவருக்கு அங்கே எப்போதும் ஓர் இடம் இருக்கும்.

ஜூடித்துக்கு சின்னமுத்து வந்தது 1947ஆம் ஆண்டளவில். அதற்கான தடுப்பூசி உலகில் பாவனைக்கு வந்தது 1963இல். எங்கள் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் அது 1984இல் சேர்ந்தது. 2019இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. 2023இல் அது திரும்பி வந்தது. தடுப்பூசி தவறிய பிள்ளைகளையும் இளைஞர்களையும் தேடிப் பிடித்தது. இங்கே அம்மம்மாமாராகிவிட்ட அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள்: பேரப்பிள்ளைகளின் அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பது மாதத்தில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. வெளிநாடுகளில் இந்த வயது கொஞ்சம் வேறுபடும். இரண்டு தடவை போட வேண்டும் என்பது வேறுபடாது. "அது சும்மா ஒரு சின்ன வருத்தம்தானே" என்று யாராவது சொன்னால், ஜூடித் டேர்ஹமின் சுவாசப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். எழுபத்தைந்து வருடம் அந்தச் சின்ன வருத்தத்தின் தடத்தோடுதான் அவர் மூச்சு விட்டார்.

கதைக்குத் திரும்புகிறேன். 1967 மார்ச் 12ஆம் திகதி மெல்பேர்ணின் சிட்னி மயர் திறந்தவெளி அரங்கில் அவர்கள் பாடினார்கள். கேட்க வந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேல். அந்த நகரத்தின் மக்களில் கிட்டத்தட்டப் பத்தில் ஒருவர். அந்த ஆண்டின் சிறந்த அவுஸ்திரேலியர் என்ற விருது நால்வருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. தனி ஒருவருக்கன்றி ஒரு குழுவுக்கு அது வழங்கப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மறு வருடம் ஜூடித் விலகினார். சண்டையில்லை, வழக்கில்லை. தனியாகப் பாட வேண்டும், தன் குரல் எங்கெல்லாம் போகும் என்று பார்க்க வேண்டும் என்ற விருப்பம். பெப்ரவரியில் அறிவித்து, ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை எல்லாம் முடித்துக் கொடுத்து, 1968 ஜூலையில் பி.பி.சி. தொலைக்காட்சியில் கடைசியாகப் பாடிவிட்டு விடைபெற்றார். ஒரு கோடிக்கும் அதிகமானோர் அதைப் பார்த்தார்கள். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. புகழின் உச்சியில் நின்ற மூன்று ஆண்களின் பிழைப்பு ஒரு பெண்ணின் முடிவால் நின்றுபோனது என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் ஊராக இருந்தால் எத்தனை வாய் பேசியிருக்கும்!

அவரவர் அவரவர் வழியில் போனார்கள். கீத் பொட்ஜர் நியூ சீக்கர்ஸ் என்ற புதிய குழுவை இங்கிலாந்தில் உருவாக்கினார். அதோல் கய் விக்ரோறியா மாநிலப் பாராளுமன்ற உறுப்பினரானார். புரூஸ் வூட்லி பாட்டு எழுதினார். அவர் இன்னொருவரோடு சேர்ந்து 1987இல் எழுதிய "ஐ ஆம் ஒஸ்ற்றேலியன்" இன்று அந்த நாட்டின் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்த பாட்டு. மூவரும் எழுபதுகளில் வேறொரு பாடகியோடு சேர்ந்து பாடியதும் உண்டு. ஜூடித் 1969இல் றொன் எட்ஜ்வேர்த் என்ற பியானோக் கலைஞரைத் திருமணம் செய்து, ஜாஸும் தன் சொந்தப் பாட்டுகளும் பாடினார்.

1990இல் ஒரு வாகன விபத்து. ஜூடித்தின் மணிக்கட்டும் காலும் முறிந்தன. படுக்கையில் இருந்தவருக்குக் குவிந்த அன்பும் வாழ்த்தும் பழைய நண்பர்களை மீண்டும் நினைக்க வைத்தன. 1993இல், இருபத்தைந்து வருடங்களின் பின், அதே நான்கு குரல்களும் ஒரே மேடையில் நின்றன. குரல்கள் கொஞ்சம் தணிந்திருந்தன. ஆனால் ஒவ்வொருவரும் தன் இடத்தை மறக்கவில்லை. இது எனக்கு வியப்பான விடயம். இரண்டாம் குரலைப் பாடியவர் இருபத்தைந்து வருடம் கழித்தும் இரண்டாம் குரலுக்கே வந்து நின்றார். இனி நான் முதலாம் குரல் பாடப் போகிறேன் என்று அடம்பிடிக்கவில்லை.

சந்தோசம் வந்த கையோடு துக்கமும் வந்தது. ஜூடித்தின் கணவருக்கு மோட்டோர் நியூறோன் நோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றாக அழியும் நோய் அது. 1994 டிசெம்பரில் அவர் காலமானார். பிறகு அந்த நோயாளிகளுக்கான சங்கத்தின் காப்பாளராக இருந்து ஜூடித் உழைத்தார். 2000ஆம் ஆண்டு சிட்னி பராலிம்பிக் விளையாட்டுகளின் நிறைவு விழாவில், இடுப்பெலும்பு முறிந்த நிலையில், சக்கர நாற்காலியில் இருந்தபடியே நண்பர்களோடு "த கார்னிவல் இஸ் ஓவர்" பாடினார். அந்த மேடைக்கு அதைவிடப் பொருத்தமான கோலம் வேறென்ன?

2013இல் குழுவின் பொன்விழாப் பயணம். மே மாதம் மெல்பேர்ணில் முதல் நிகழ்ச்சி முடிந்தபின் ஜூடித்துக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. எழுத்தை வாசிக்கவும் எழுதவும் இருந்த ஆற்றல் குறைந்தது. இசைக் குறியீட்டையும் முன்போல வாசிக்க முடியவில்லை. ஆனால் பாட முடிந்தது. இது அதிசயமல்ல, மூளையின் அமைப்பு. பேச்சும் எழுத்தும் பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பக்கத்தையே அதிகம் நம்பியிருக்கின்றன. பாட்டோ இருபக்கமும் பரந்து கிடக்கிறது. பாரிசவாதம் வந்து ஒரு சொல்கூடப் பேச முடியாதிருந்தவர், பக்கத்துக் கட்டிலில் யாரோ தேவாரம் பாடத் தானும் சேர்ந்து பாடியதை நான் வாட்டில் கண்டிருக்கிறேன். இதை அடிப்படையாக வைத்து, மெட்டின் வழியே பேச்சைத் திருப்பிக் கொண்டுவரும் சிகிச்சை முறை ஒன்று 1970களிலிருந்து இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு நோயாளி இருந்தால், பேச்சுச் சிகிச்சையாளரிடம் இதைக் கேளுங்கள். சின்ன வயதில் அவர் பாடிய பாட்டை அவர் பக்கத்தில் இருந்து பாடுங்கள்.

ஜூடித் இழந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கற்றார். மற்ற மூவரும் காத்திருந்தார்கள். அந்த ஆண்டுக்குள்ளேயே பயணம் தொடர்ந்தது. 2014இல் லண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் பாடினார்கள். 2022 ஓகஸ்ட் 5ஆம் திகதி, எழுபத்தொன்பது வயதில், சிறுவயதிலிருந்து கூடவே வந்த அந்தச் சுவாசப்பை நோய் அவரை எடுத்துக்கொண்டது.

ஏன் இந்தக் கதையை எங்கள் நூற்றாண்டு விழாவில் சொல்கிறேன்? எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் இன்று இந்த நாட்டில் இல்லை. மின்சாரம் இல்லாத வருடங்களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டபடி ஒரே விளக்கில் படித்தவர்கள், இன்று ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருக்கிறார்கள். போனவர்களுக்கு, விட்டுவிட்டுப் போனோமே என்ற உறுத்தல். இருந்தவர்களுக்கு, விட்டுவிட்டுப் போனார்களே என்ற வருத்தம். இருவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. வட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு சொல்லைப் பிழையாகப் போட்டால் மட்டும் அது எட்டிப் பார்க்கும். "அங்கேயிருந்து காசு அனுப்பினால் போதுமா?" என்று ஒரு பக்கம். "அனுப்பிய காசுக்கு என்ன நடந்தது?" என்று இன்னொரு பக்கம். இதனால் பேச்சை நிறுத்திக்கொண்ட தோழிகளை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

சீக்கர்ஸ் கதையில் எனக்குப் பிடித்தது அவர்கள் முதலிடம் பெற்றது அல்ல. ஒருத்தி போக வேண்டுமென்றபோது போக விட்டார்கள். அவள் திரும்பி வந்தபோது, "இத்தனை நாளும் எங்கே இருந்தாய்" என்று கேட்டு வாசலில் நிறுத்தவில்லை. அவளுடைய இடம் அவளுக்காக இருந்தது. மூச்சு முட்டியபோது மற்றவர்கள் பாட்டைத் தாங்கினார்கள். நூறு வருடம் வாழ்ந்த ஒரு கல்லூரியின் பிள்ளைகளால் இது முடியாத காரியமல்ல.

எல்லோரும் ஒரே ஸ்வரம் பாட வேண்டும் என்று எதிர்பார்த்தால் எங்கள் சங்கம் இன்னும் பத்து வருடமும் தாக்குப்பிடிக்காது. கொழும்பில் இருப்பவர் ஒன்று சொல்வார், கனடாவில் இருப்பவர் வேறொன்று சொல்வார், ஊரில் இருந்து கூரைக்கு ஓடு மாற்றும் வேலையைப் பார்ப்பவர் இன்னொன்று சொல்வார். சொல்லட்டும். மூன்றும் சேர்ந்து ஒலிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பதுதான் எங்கள் வேலை. பக்கத்தில் நிற்பவருடைய குரல் கேட்காத அளவுக்கு உரத்துப் பாடுகிறவர், எவ்வளவு நல்ல குரலாக இருந்தாலும், பாடகர் குழுவுக்கு உதவமாட்டார். இதுவும் ரீச்சர் சொன்னதுதான்.

இன்னும் சிறிது நேரத்தில் கல்லூரிக் கீதம் பாடப் போகிறோம். இரண்டாம் குரல் தெரிந்தவர்கள் தயவுசெய்து கூச்சப்படாமல் அதைப் பாடுங்கள். வரிகளை மறந்தவர்கள் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பாடுங்கள். மூச்சு முட்டுகிறவர்கள் இடையில் நிறுத்தி ஆறுதலாக எடுங்கள், நாங்கள் பிடித்துக்கொள்கிறோம். உங்களோடு பேசாமல் இருக்கும் தோழி இந்த மண்டபத்தில் எங்காவது இருந்தால், பாட்டுத் தொடங்கும் முன்பே எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.